பட்டா, ஷிஃப்ட், பதவி: நெய்வேலிப் பணியிடத்தில் சாதியும் பாலினமும்

1. கேள்வி

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையிலிருந்து நெய்வேலி ஆர்ச் கேட் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். இந்த வட்டாரத்தில் பெண் கொடுப்பவரும் கடன் கொடுப்பவரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “என்.எல்.சி.யில் பர்மனென்டா, கான்ட்ராக்டா?” நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிப் பொதுத்துறை நிறுவனமே என்.எல்.சி. ஊதியம், குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, ஊரில் கிடைக்கும் மரியாதை எல்லாம் இதற்கான பதிலைப் பொறுத்தே அமைகின்றன.

பணியிடச் சமத்துவத்தைப் பற்றிய மேலைநாட்டு விவாதங்களில் இனமும் பாலினமும் சேர்ந்தே பேசப்படுகின்றன. நம் பணியிடத்தில் இனத்தின் இடத்தில் சாதி இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. சாதிக்குத் தோலில் அடையாளம் இல்லை. சான்றிதழிலும் ஊர்ப்பெயரிலும் குடும்பத்தின் நிலவுடைமையிலும் அது பதிந்திருக்கிறது. ஆனாலும் வேலைக்குள் யார் நுழைவது, எந்த வேலையில் நிற்பது, எதுவரை உயர்வது என்பதைத் தீர்மானிப்பதில் இரண்டும் ஒரே விதமாகச் செயல்படுகின்றன.

நெய்வேலிப் பொதுத்துறை நிறுவனத்தில் சாதி, பாலினச் சமத்துவத்துக்கான சட்ட ஏற்பாடுகள் எங்கே பலன் தருகின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. அந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை நிரந்தரப் பணியிடத்தோடு பிணைக்கப்பட்டவை. கீழே ஒப்பந்த வேலையும் மேலே முழுநேர இயக்குநர் பதவிகளும் அவற்றின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. நிரந்தரப் பணியிடங்கள் குறையக் குறையச் சமத்துவத்தின் பரப்பும் குறைகிறது. இதில் அதிகம் இழப்பவர் நிலமற்ற தலித் குடும்பத்துப் பெண் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்ததே நெய்வேலியின் தொடக்கக் கதை. 1956 நவம்பர் 14 அன்று நிறுவனம் பதிவாயிற்று. 1957இல் சுரங்கப் பணி தொடங்கியது; 1961இல் பழுப்பு நிலக்கரிப் படுகை எட்டப்பட்டது; 1962இல் முதல் மின்னலகு இயங்கியது. அனல் மின்நிலையத்துக்குச் சோவியத் ஒத்துழைப்பும் சுரங்கத்துக்கு ஜெர்மானிய இயந்திரங்களும் கிடைத்தன. 2011இல் நவரத்னா தகுதி வந்தது. 2016இல் நிறுவனம் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாறியது.

இத்தகைய பொதுத்துறை நகரங்கள் பற்றி இரண்டு பார்வைகள் உண்டு. முதலாவது நேரு காலத்து நம்பிக்கை: பல ஊர்களிலிருந்தும் பல சாதிகளிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கேன்டீனில் உண்டு, ஒரே வட்டத்தில் குடியிருந்து, ஒரே பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பழைய வேறுபாடுகள் கரைந்துபோகும் என்பது. இதில் உண்மை இருக்கிறது. குடியிருப்பு சாதிப்படி பிரியாமல் பணிநிலைப்படி பிரிக்கப்பட்டதே கிராமத்திலிருந்து வந்த ஒருவருக்குப் பெரிய விடுதலை.

இரண்டாவது பார்வையை மானுடவியலாளர் ஜோனதன் பாரி பிலாய் எஃகு நகரத்தில் பல ஆண்டுகள் செய்த கள ஆய்விலிருந்து பெறலாம். நிரந்தரத் தொழிலாளர்களுக்குள் சாதி தளர்ந்தது. அதே காலத்தில் நிரந்தரத் தொழிலாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இடையிலான பிளவு வர்க்கப் பிளவாகவே இறுகியது என்று அவர் காட்டுகிறார். நெய்வேலிக்கும் இது பெருமளவு பொருந்துகிறது. ஆனால் பாரியின் சட்டகத்தில் வர்க்கம் முன்னே நிற்கிறது. ஒப்பந்தப் பக்கத்துக்கு யார் தள்ளப்பட்டார்கள் என்று கேட்கும்போது சாதியும் பாலினமும் மறுபடி உள்ளே வருகின்றன.

தனியார் துறை பற்றி இரண்டு ஆய்வுகள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் அனுப்பினார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. 2012இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு, இந்தியாவின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர்களில் ஏறக்குறைய 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர் என்று கணக்கிட்டது. இரண்டும் குடும்பப்பெயரைக் கொண்டு சாதியை அடையாளம் கண்ட ஆய்வுகள். தமிழ்நாட்டில் இந்த முறை எளிதாகப் பலிக்காது. சாதிப்பெயரைத் துறந்து தலைப்பெழுத்தோடு வாழும் வழக்கம் இங்கே பல தலைமுறைகளாக ஊன்றிவிட்டது. எனவே நெய்வேலியில் பாகுபாட்டைப் பெயர்ப்பலகையில் தேடுவதைவிட, வேலைக்கு வந்த வழியில் தேடுவதே பொருத்தம்.

சுரங்கப் பெண்கள் குறித்துக் குந்தலா லாகிரி-தத் செய்துள்ள ஆய்வுகள் முக்கியமானவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரி வயல்களின் தொழிலாளரில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் பெண்கள் இருந்தனர். பாதுகாப்பின் பெயரால் வந்த சட்டங்களும் பிறகு வந்த இயந்திரங்களும் அவர்களை வெளியேற்றின. நெய்வேலியின் நிலை வேறு. அது இயந்திரங்களோடு பிறந்த சுரங்கம். அங்கே பெண்கள் வெளியேற்றப்படவில்லை. தொடக்கம் முதலே கணக்கில் சேர்க்கப்படவில்லை.

3. முதல் வாசல்: பட்டா

நெய்வேலியில் வேலைக்கு வந்த வழிகளில் ஒன்று போட்டித் தேர்வு, மற்றொன்று நிலம். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை என்பது நீண்ட காலமாக இப்பகுதி மக்களின் கோரிக்கை. பல கட்டங்களில் நிறுவனம் அளித்த வாக்குறுதியும் அதுவே. இது நியாயமான ஈடு. ஆனால் யாருக்கு ஈடு என்பதைப் பட்டாதான் தீர்மானித்தது.

பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருந்தது. தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது 1989இல்தான். அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது மணமாகியிருந்த மகளுக்கு அந்த உரிமை இல்லை. மத்தியச் சட்டம் 2005இல் திருத்தப்பட்டது. நெய்வேலியின் தொடக்கக் காலக் கையகப்படுத்தல்கள் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டன. ‘குடும்பத்துக்கு ஒரு வேலை’ என்றபோது அந்த ஒருவர் மகனாகவோ மருமகனாகவோ இருந்ததில் வியப்பில்லை.

பட்டாவில் சாதியும் இருந்தது. கடலூர் மாவட்டத்தில் சிறு நிலம் வைத்து உழுதவர்களில் வன்னியர்கள் கணிசமானவர்கள்; தலித் குடும்பங்களில் பெரும்பகுதி அந்த நிலங்களில் கூலிக்கு நட்டு, களையெடுத்து, அறுத்தவை. நிலம் போனபோது உழவருக்கு நிலம் போயிற்று; கூலிக்காரருக்கு வேலை போயிற்று. முன்னவரின் இழப்பு ஆவணத்தில் ஏறியது. பின்னவரின் இழப்புக்கு ஆவணம் இல்லை. வீட்டுமனைக்கான சிறு தொகை கிடைத்திருக்கலாம். வேலை கேட்க அது போதாது.

இந்தக் குறையை 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வுச் சட்டம் ஓரளவு உணர்ந்தது. கையகப்படுத்துவதற்கு முன் 3 ஆண்டுகள் அப்பகுதியில் வேலை செய்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் அது ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று ஏற்கிறது. கைம்பெண், மணமுறிவு பெற்றவர், கைவிடப்பட்ட பெண் ஆகியோரைத் தனிக் குடும்பமாகக் கணக்கிடுகிறது. வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்ற தெரிவுகளைத் தருகிறது. சட்டத்தின் மொழி முன்னேறியது உண்மை. ஆனால் அந்த மொழி வந்தபோது நெய்வேலியில் நிரந்தர வேலை என்ற தெரிவே அரிதாகிவிட்டது. பேச்சுவார்த்தை மேசையில் இன்று இருப்பவை ஒப்பந்த வேலையும் ரொக்கமும் மாதத் தொகையும். குடும்பத்துக்கு ரொக்கம் வரும்போது அது யார் கணக்கில் சேர்கிறது என்ற பழைய கேள்வி பெண்ணுக்கு மறுபடி எழுகிறது.

2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் விளைந்து நின்ற பயிரின் நடுவே கால்வாய் வெட்ட நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த கொந்தளிப்பைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. அந்தக் கோபம் நியாயமானது. ‘எங்கள் நிலம், எங்களுக்கு வேலை’ என்ற முழக்கத்தில் அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கு என்ன பங்கு என்பது மட்டும் அப்போதும் அதிகம் பேசப்படவில்லை.

4. இரண்டாம் வாசல்: ஷிஃப்ட்

பெண்கள் சுரங்கத்துக்குப் பொருந்தார் என்பதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் உடல் வலு. நெய்வேலியைப் பார்த்தவருக்கு இந்த வாதம் நிற்காது. மண்ணையும் நிலக்கரியையும் வெட்டுவது சக்கர வாளி இயந்திரம். 350, 700, 1,400 லிட்டர் என வாளியின் கொள்ளளவைக் கொண்டே அவற்றுக்குப் பெயர். பெருஞ்சக்கரம் சுழல, வாளிகள் ஒவ்வொன்றாகக் கரையைச் சுரண்டி மேலேறிக் கன்வேயர் பெல்ட்டில் கொட்டுகின்றன. இயக்குபவர் அறைக்குள் அமர்ந்து நெம்புகோல்களையும் அளவிகளையும் கவனிக்கிறார். அங்கே தேவைப்படுபவை கவனம், பயிற்சி, இயந்திரத்தின் ஓசையில் சிறு மாற்றத்தையும் பிடித்துவிடும் செவி. இவற்றில் எதற்கும் பால் இல்லை.

உண்மையான தடை கடிகாரத்தில் இருந்தது. 1952ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதை முற்றிலும் தடுத்தது. நிலத்துக்கு மேலே காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டும் அனுமதித்தது. அரசு நேரத்தை மாற்றலாம். ஆனாலும் இரவு 10 முதல் காலை 5 வரை கூடவே கூடாது. நெய்வேலி போன்ற சுரங்கம் நாள் முழுவதும் மூன்று ஷிஃப்டுகளில் ஓடுவது. மேல்மண்ணை அகற்றுவதும், படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு தேங்கிய நிலத்தடி நீரை இறைப்பதும் ஒரு மணி நேரம்கூட நிற்க முடியாது. காலை ஷிஃப்ட் சட்டத்துக்குள் வரும்; பிற்பகல் ஷிஃப்ட் மாலை 7 மணியைத் தாண்டும்; இரவு ஷிஃப்ட் முழுத் தடை. மூன்றில் ஒன்றில் மட்டுமே நிற்கக்கூடியவரைச் சுழற்சிப் பட்டியலில் சேர்க்க எந்த மேற்பார்வையாளரும் முன்வரமாட்டார்.

இதன் விளைவு சங்கிலியாகத் தொடர்ந்தது. சுழற்சிப் பட்டியலில் இல்லாதவருக்கு ஷிஃப்ட் பொறுப்பு கிடைக்காது. அந்தக் கள அனுபவம் இல்லாமல் சுரங்க மேலாளர் தகுதிச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாதவர் சுரங்கப் பிரிவில் உயர முடியாது. பெண்களைக் காப்பதாகச் சொன்ன ஒரு பிரிவு, முப்பது ஆண்டு கழித்து இயக்குநர் நாற்காலிக்கு யார் போட்டியிடலாம் என்பதையும் தீர்மானித்துவிட்டது.

அனல் மின்நிலையம் வேறு சட்டத்தின் கீழ் வந்தது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலும் இதே இரவுத் தடை 66ஆம் பிரிவில் இருந்தது. அதை 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், பெண்களுக்கான பாதுகாப்பு நிபந்தனைகளை வகுத்து, அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. சுரங்கத்தின் தடை 2019 தொடக்கத்தில்தான் மத்திய அரசின் அறிவிப்பால் தளர்ந்தது: திறந்தவெளிச் சுரங்கத்தில் எழுத்துமூலச் சம்மதத்தோடு இரவிலும் பணிபுரியலாம், ஒரு ஷிஃப்டில் மூன்று பெண்களுக்குக் குறையக் கூடாது. ஒரே நகரியத்தில், ஒரே நிறுவனத்தில், பாய்லர் பக்கத்துக்கும் சுரங்கப் பக்கத்துக்கும் ஏறக்குறைய 18 ஆண்டு இடைவெளி. பெண்ணின் உடல் அந்த இடைவெளியில் மாறிவிடவில்லை. மின்நிலையத்தின் தடை நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. சுரங்கத்தின் தடை அரசின் மனமாற்றத்துக்குக் காத்திருந்தது.

மூன்று பெண்கள் என்ற நிபந்தனை பாதுகாப்புக்கானது. ஆனால் ஒரு பிரிவில் இருவர் மட்டுமே தேர்வாகியிருந்தால் அந்த நிபந்தனையே அவர்களை இரவுப் பணியிலிருந்து விலக்கிவைக்கும். ஆகவே ஆட்களை எடுக்கும்போதே குழுவாக எடுக்காமல் அனுமதியை மட்டும் தருவதால் பயன் குறைவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லா நிறுவனங்களிலும் எல்லா வகை வேலைகளிலும் சம்மதத்தோடு இரவிலும் பெண்கள் பணியாற்றலாம் என்கின்றன. தடை போயிற்று. சுரங்கத்தின் முகப்பில் கழிப்பறை, உடைமாற்றும் அறை, இரவுப் பேருந்து, குழந்தைக் காப்பகம் ஆகியவை தடை போனதால் தாமாக வந்துவிடாது.

5. நிரந்தரமும் ஒப்பந்தமும்

மத்தியப் பொதுத்துறையில் அகில இந்தியப் போட்டித் தேர்வு வழி நியமனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. இதர பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீடு மண்டல் வழக்குத் தீர்ப்புக்குப் பின் 1993 செப்டம்பரில் வந்தது. உள்ளூரிலிருந்து எடுக்கப்படும் கீழ்நிலைப் பணியிடங்களில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையை ஒட்டிப் பட்டியல் சாதிக்கு 19, பழங்குடிக்கு 1, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. பல ஆயிரம் குடும்பங்களைக் கூலியிலிருந்து மாத ஊதியத்துக்கு உயர்த்தியது இந்த ஏற்பாடு. இதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

பெண்களுக்கு இப்படி ஒன்று இல்லை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் 1989 முதல் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு; அதை 40 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2021இல் வந்தது. அந்த ஒதுக்கீடு ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் கணக்கிடப்படுவதால் தலித் பெண்ணுக்கும் தனி இடம் உறுதியாகிறது. கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள இந்த உறுதி, அதே மாவட்டத்தில் மத்திய அரசு நடத்தும் நெய்வேலியில் இல்லை.

இதற்கிடையில் நிரந்தரப் பணியிடங்கள் குறைந்துவந்தன. ஒரு காலத்தில் இருபதாயிரத்தை ஒட்டியிருந்த நிரந்தரப் பணியாளர் எண்ணிக்கை இன்று ஏறக்குறைய பாதி. ஓய்வு பெற்றவரின் வேலை நின்றுவிடவில்லை. ஒப்பந்ததாரர் மூலமும் கூட்டுறவுச் சங்கம் மூலமும் நடக்கிறது. ‘இன்கோசர்வ் சொசைட்டி’ தொழிலாளி என்பது இங்கே தனி அடையாளமாகவே ஆகிவிட்டது. பணிநிரந்தரம் கேட்டு நடந்த வேலைநிறுத்தங்கள் நெய்வேலி வரலாற்றின் பெரும்பகுதி. ஆனால் ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளி தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்று இந்திய எஃகு ஆணையம் தொடர்பான வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னபின் அந்தப் பாதை மிகக் குறுகியது.

ஒப்பந்ததாரர் ஆள் எடுக்கும்போது இட ஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியல் இல்லை. பழகிய முகம், மேஸ்திரியின் சிபாரிசு, ஊர்க்காரர் தொடர்பு ஆகியவைதான் தேர்வுக்குழு. பெண்களுக்கு அங்கே அதிகம் கிடைப்பவை துப்புரவு, தோட்டம், கேன்டீன் வேலைகள். புதிய சட்டத் தொகுப்பு முக்கிய வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தத் தடை விதிக்கிறது. ஆனால் துப்புரவு, உணவகம், தோட்டம் முதலியவற்றை முக்கிய வேலை அல்லாதவை என்று பட்டியலிட்டு விலக்குகிறது. ஆக, பெண்கள் குவிந்திருக்கும் வேலைகளையே சட்டம் நிரந்தரத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. துப்புரவு வேலை எந்தச் சாதியின் தலையில் வரலாறு முழுவதும் சுமத்தப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. பாலினத்தைப் பற்றியும் சாதியைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லாத இந்தப் பிரிவு இரண்டையும் ஒருசேரத் தொடுகிறது.

இவ்வளவு குறையுள்ள வேலைக்கும் ஏன் வரிசை நிற்கிறது என்பதைப் பண்ருட்டி முந்திரிக் கொட்டகைகளைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். வேகவைத்த கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல் தோலைப் பொசுக்கும். சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு பெண்கள் வேலையைத் தொடர்கிறார்கள். பிறகு பருப்பின் மெல்லிய தோலைச் சிறு கத்தியால், பருப்பு உடையாமல் உரிக்க வேண்டும். முழுப் பருப்பு ‘டபிள்யூ 240’, ‘டபிள்யூ 320’ என்று தரம் பிரிந்து நல்ல விலைக்குப் போகும். உடைந்தால் விலை இறங்கும். விலையைத் தீர்மானிக்கும் நுட்பம் முழுவதும் பெண்ணின் விரலில் இருக்கிறது. அவருக்குக் கூலி கிலோ கணக்கில். உரிமையாளர், வியாபாரி, தரகர் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள். வைப்பு நிதியும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்துவரும் ஒப்பந்த வேலை, இந்தப் பெண்ணுக்கு உயர்வாகவே தெரியும். ‘கேட்டுப் பெற்றதுதானே’ என்று நிறுவனங்கள் சொல்லும் பதிலுக்கு வலு தருவது வெளியே உள்ள இந்த வறுமை.

6. மூன்றாம் வாசல்: பதவி

பதவி உயர்வில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான ஒதுக்கீடு, தேர்வு அடிப்படையிலான உயர்வுகளில், அதிகாரிகள் பிரிவின் அடிப்படியோடு முடிந்துவிடுகிறது. பிற்படுத்தப்பட்டோருக்குப் பதவி உயர்வில் ஒதுக்கீடே இல்லை. தலைவர், சுரங்கம், மின்சாரம், மனிதவளம், நிதி, திட்டம் ஆகிய முழுநேர இயக்குநர் பதவிகளுக்குப் பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியம் பரிந்துரைக்கிறது. அங்கே ஒதுக்கீடு கிடையாது. கீழே நுழைந்தவர் மேலே வரமாட்டார் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் நுழைந்த வயது, முதல் பணியிடம், கிடைத்த பொறுப்புகள், ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் மேலதிகாரி எழுதிய ஒரு வரி எல்லாம் சேர்ந்து அந்தப் படிகளின் உயரத்தை ஆளுக்கு ஆள் மாற்றுகின்றன.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்கிறது. பொதுத்துறையில் இது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் தனி இயக்குநர் நியமனத்தால் நிறைவேறுகிறது. குழுக் கூட்டத்தில் அவர் குரலுக்கு மதிப்பு உண்டு. சுரங்கத்தின் அன்றாட நிர்வாகம் அவர் கையில் இல்லை. முழுநேரத் தலைமைக்குப் பெண்கள் வந்த சில நிகழ்வுகள் அண்மையவை: 2014இல் இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் நிஷி வாசுதேவா, 2021இல் இந்திய எஃகு ஆணையத்தில் சோமா மண்டல். கனரகத் தொழிலைப் பெண் நடத்த முடியுமா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது.

வேலை செய்தவர் ஒருவர், பட்டியலில் இடம்பெற்றவர் வேறொருவர் என்பது திருவதிகைக்குப் புதிதல்ல. சமணத்தில் தருமசேனராகத் தலைமை ஏற்றிருந்த தம்பியைச் சைவத்துக்கு மீட்டு, அப்பராக்கியவர் தமக்கை திலகவதியார். இங்கே மடம் அமைத்துத் தொண்டு செய்தவர். வீரட்டானேசுவரர் கோயிலில் அவருக்குச் சந்நிதி உண்டு. ஆனால் அறுபத்துமூவர் பட்டியலில் அப்பர் இருக்கிறார், திலகவதியார் இல்லை. அந்தப் பட்டியலில் பெண்கள் மூவர் மட்டுமே. போற்றுதலும் பட்டியலில் இடமும் வெவ்வேறு என்பதை நிறுவனங்களின் மகளிர் தின விழாக்களும் நினைவில் கொள்ளலாம்.

7. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் தகுதி. ஒதுக்கீடு திறனைக் குறைக்கும் என்ற கூற்றை அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃபும் இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையிலான தரவுகளைக் கொண்டு சோதித்தனர். பட்டியல் சாதி, பழங்குடிப் பணியாளர் விகிதம் கூடியதால் உற்பத்தித்திறன் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உயர்நிலைப் பணிகளில் சாதகமான விளைவுக்கான அறிகுறிகளே தென்பட்டன. ரயில்வேயும் நெய்வேலியும் ஒன்றல்ல என்று சொல்லலாம். ஆனால் பாதுகாப்பும் ஒழுங்கும் உயிர்நாடியான மாபெரும் பொதுத்துறை என்ற வகையில் இதைவிட நெருக்கமான ஒப்பீடு கிடைப்பது அரிது.

இரண்டாவது, மண்ணின் மைந்தர் வாதம். அகில இந்தியத் தேர்வுகள் வழி பொறியாளர் நியமனம் நடக்கும்போது தமிழ்நாட்டவர் மிகக் குறைவாகவே வருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பல கட்சிகளிடமிருந்தும் தொடர்ந்து எழுகிறது. நிலத்தையும் நீரையும் இழந்த ஒரு வட்டாரம் மேல்பதவிகளில் தன்னவரைக் காண விரும்புவது இயல்பு. பிறப்பிடம், வசிப்பிடம் கொண்டு அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்று அரசமைப்பின் 16ஆம் கூறு சொல்வதால், பூர்வீகத்தைவிட ‘இழப்புக்கான ஈடு’ என்ற அடிப்படையே சட்டத்தில் உறுதியாக நிற்கும். அந்த அடிப்படையை ஏற்றால், இழந்தவர்களில் நிலமற்றவரும் பெண்களும் முதல் வரிசையில் வர வேண்டும். உள்ளூர் உரிமைக்கான குரல் உள்ளூருக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் கடந்து செல்ல முடியாது.

மூன்றாவது, இலக்கு வைத்தால் எண்ணிக்கை விளையாட்டாகிவிடும் என்ற அச்சம். தென்னாப்பிரிக்காவின் சுரங்கச் சாசனம் 2004இல், ஐந்து ஆண்டுகளில் சுரங்கத் தொழிலாளரில் 10 விழுக்காடு பெண்கள், பத்து ஆண்டுகளில் உடைமையில் 26 விழுக்காடு வரலாற்றில் ஒடுக்கப்பட்டோரின் பங்கு என்று இனத்துக்கும் பாலினத்துக்கும் சேர்த்தே இலக்கு வைத்தது. அலுவலகப் பெண்களையும் சேர்த்து 10 விழுக்காடு காட்டுவதா, சுரங்க வேலையில் இருப்பவரை மட்டும் எண்ணுவதா என்ற விவாதம் அங்கே எழுந்தது. அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அப்படி ஒரு விவாதம் எழுவதற்கே முதலில் ஓர் இலக்கும் ஒரு கெடுவும் வேண்டியிருந்தன.

8. முடிவு

நெய்வேலிச் சமத்துவக் கதையில் வெற்றியும் உண்டு, எல்லையும் உண்டு. நிரந்தரப் பணியிடம் என்ற நடுத்தளத்தில் சாதி ஒதுக்கீடு தன் வேலையைச் செய்தது. பெண்ணுக்கு அந்தத் தளத்தில்கூட உறுதியான இடம் தரப்படவில்லை. அதற்குக் கீழே ஒப்பந்த வேலையிலும் மேலே முழுநேரத் தலைமையிலும் சாதிக்கும் பாலினத்துக்கும் ஏற்பாடு இல்லை.

பொதுத்துறை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் வழக்கமாகப் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று ஓர் அட்டவணை இருக்கும்; பெண்கள் எத்தனை பேர் என்று இன்னொன்று இருக்கும். பட்டியல் சாதிப் பெண்கள் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரமாக எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை, எந்தப் பணிநிலையில் எத்தனை என்ற ஒரே அட்டவணை வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நிறுவனம் நினைத்தால் அடுத்த ஆண்டறிக்கையிலேயே வெளியிடலாம். ஒப்பந்தப் புள்ளியின் நிபந்தனைகளில் சாதி, பாலின விகிதத்தைச் சேர்ப்பது நிறுவனத்தின் அதிகாரத்துக்குள் இருக்கிறது. மறுவாழ்வு வேலையையும் தொகையையும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவதும், நிலமற்ற கூலிக் குடும்பத்தைக் கணக்கெடுப்பின் முதல் நாளே சேர்ப்பதும் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. சுரங்கப் பிரிவில் பெண் பொறியாளர்களைக் குழுவாக எடுத்து மேலாளர் சான்றிதழ் வரை கொண்டுசெல்லும் திட்டம் இன்று தொடங்கினால் பலன் தர இருபது ஆண்டுகளாவது ஆகும். தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்த இருபதோடு கூடும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பணிநிரந்தரக் கோரிக்கைப் பட்டியலில் துப்புரவும் கேன்டீனும் தோட்டமும் எத்தனையாவது வரியில் நிற்கின்றன என்பதை அவை தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் அந்த வேலை செய்யும் பெண் ஒருவராவது இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் அந்தக் குறையைத் தீர்ப்பதே சங்கங்களின் முதல் வேலை.